‘வணக்கம்’ வெட்டும்போது சுழியின் வயிறும் புள்ளியும் விழுந்துவிடுகின்றன: வழி சொல்லுங்கள்

கடதாசிப்பூ (டர்பன், தென்னாப்பிரிக்கா):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து தீபாவளிக்குக் காகித விளக்குகள் செய்யப்போகிறோம். கடையில் வாங்கிய வழவழப்பான அட்டை வேண்டாம், கைத்தாளில்தான் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். விளக்கின் பக்கங்களில் ‘வணக்கம்’ என்ற சொல்லை வெட்டி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெளிச்சம் எழுத்தின் வழியாக வெளியே வர வேண்டும்.

பழைய அட்டைகளில் இரண்டு விதமாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தைத் துளையாக வெட்டினால் ‘க’வின் வயிறு, ‘ம’வின் வயிறு, ‘ண’வின் சுழிகளுக்குள் இருக்கும் துண்டுகள் எல்லாம் கையோடு வந்துவிடுகின்றன. அதைத் திருப்பி, எழுத்தை நிற்கவைத்துச் சுற்றியிருக்கும் தாளை நீக்கினால் வயிறு பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. ஆனால் ‘க்’, ‘ம்’ இரண்டிலும் புள்ளி எதையும் தொடாமல் தனியாக நிற்கிறது, அது விழுந்துவிடுகிறது. ஆங்கில எழுத்து வெட்டுவதற்கு வழிகாட்டும் புத்தகங்கள் எவ்வளவோ இருக்கின்றன. அவை நம் புள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

முடிந்தவரை ஒரே தாளில் செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் ஒரு பகுதி வேலையையாவது தாங்களே செய்யும்படி இருக்க வேண்டும். தாள் ஏறக்குறைய 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்), பருத்தியும் கரும்புச் சக்கையும் கலந்தது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கத்திமுனை (லெனேசியா):

அக்கா, துளையாக வெட்டும்போது சுழி எதிரி; நிற்கவைத்து வெட்டும்போது புள்ளி எதிரி. இரண்டுக்கும் மருந்து வேறு. எந்த முறை என்று முதலில் முடிவு செய்துவிடுங்கள். விளக்குக்குத் துளை முறையே சரி. எழுத்தே ஒளியாக வர வேண்டும் என்கிறீர்கள் அல்லவா?

துளை முறையில் புள்ளி உங்களுக்குத் தொல்லையே தராது. அது ஒரு வட்டத் துளை, அவ்வளவுதான். சுழியைத்தான் கவனிக்க வேண்டும். பலரும் எழுத்தை முழுதாக வரைந்துவிட்டு, அதன் குறுக்கே ஒரு பட்டையை விட்டு, வயிற்றை வெளித்தாளோடு இணைப்பார்கள். பெட்டிகளிலும் மூட்டைகளிலும் மை தடவி அடிக்கும் எழுத்துகளில் பார்த்திருப்பீர்கள். நம் எழுத்துக்கு அது அழகாக அமைவதில்லை. வளைவின் நடுவே ஒரு நேர்ப்பட்டை வந்தால் ‘ண’ வெட்டுப்பட்டதுபோல் தெரியும்.

நான் செய்வது இது: சுழியை மூடாதீர்கள். தமிழில் சுழி என்பது உள்நோக்கி வளைந்து போகும் கோடு. அந்தக் கோட்டின் முனை சுற்றிவந்து தன்னையே தொடும்போதுதான் உள்ளே ஒரு தனித் துண்டு உண்டாகிறது. தொடுவதற்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்பாகவே கோட்டை நிறுத்திவிட்டால் உள்ளே இருக்கும் தாள் அந்த இடைவெளி வழியாக வெளித்தாளோடு சேர்ந்தே இருக்கும். தனியாகப் பட்டை வைக்கத் தேவையில்லை; எழுத்தின் வடிவமும் கெடாது. கையால் வேகமாக எழுதும்போது எத்தனையோ பேர் சுழியை மூடாமல் விடுகிறார்கள், நாம் தடையில்லாமல் படித்துவிடுகிறோம்.

‘ம’வுக்கும் அதே வழி. இடப்பக்கம் இறங்கி, அடியில் வலப்பக்கம் ஓடி, மேலேறி, வளைந்து, நடுவில் இறங்கும் கோடு அடிக்கோட்டைத் தொடுவதற்கு முன் நின்றுவிடட்டும். ‘க’வில் இடப்பக்க வயிற்றைச் சுற்றிவரும் வளைவு நடுக்கோட்டைத் தொடாமல் நிற்கட்டும். ‘வ’வில் உள்சுருளின் முனை காற்றில் நிற்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்த இடைவெளி, அதாவது வயிற்றைத் தாங்கும் கழுத்து, மெலிதாக இருந்து வயிறு பெரிதாக இருந்தால் நாளடைவில் துண்டு முன்பக்கம் தலைசாயும். வயிறு சிறியதாக, கழுத்து தடிப்பாக இருக்கும்படி எழுத்தைக் கொஞ்சம் தடித்த கோட்டில் வரையுங்கள். எழுத்தின் உயரம் 40 மில்லிமீட்டர் என்றால் கோட்டின் தடிப்பு ஐந்து, கழுத்து இரண்டரை என்று தொடங்கலாம்.

ரோஸ்ஹில் அண்ணி (மொரீஷியஸ்):

இவ்வளவு சிரமம் எதற்கு? எழுத்தை முழுதாக வெட்டுங்கள். பின்பக்கம் டிரேசிங் தாள் ஒட்டுங்கள். விழுந்த வயிற்றுத் துண்டுகளை அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். வெளிச்சமும் கண்ணைக் கூசாமல் மென்மையாக வரும். நாங்கள் இங்கே தைப்பூசக் காவடி அலங்காரத்துக்கு எழுத்து வெட்டும்போது இப்படித்தான் செய்கிறோம். துண்டு இடம் மாறாமல் இருக்க வேண்டுமானால், வெட்டி எடுத்த எழுத்தையே மறுபடியும் அதன் துளைக்குள் வைத்து, வயிற்றை அதற்குள் பொருத்தி ஒட்டிய பிறகு எழுத்தை வெளியே எடுத்துவிடுங்கள். அச்சுப் பிசகாது.

கத்திமுனை:

அண்ணி, மேசைமேல் வைக்கும் வாழ்த்து அட்டைக்கு நீங்கள் சொல்வது நல்ல வழிதான். டர்பனில் அக்டோபர், நவம்பர் என்றால் மழையும் கடற்காற்றும் சேர்ந்திருக்கும் காலம். தாளும் டிரேசிங் தாளும் ஈரத்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஒன்று விரியும்போது மற்றது சுருக்கம் விழும். வாசலில் தொங்கும் விளக்கில் ஒட்டுத்துண்டு முதலில் ஓரம் கிளம்பும், பிறகு கழன்றுவிடும். ஒரே தாளில் வெட்டியதற்கு அந்தக் கவலை இல்லை. தவிர, ஒட்டுவேலை இல்லாமல் ஒரு தாள் தன்னைத் தானே தாங்கி நிற்கும்படி எழுத்தை அமைப்பதுதான் இந்தக் கலையின் உயிர் என்று நினைக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கரும்புச்சக்கை (டொங்காட்):

கடதாசிப்பூ அக்கா சொல்லும் தாள் என் வீட்டு முற்றத்தில் செய்ததுதான் என்று நினைக்கிறேன். அதனால் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை.

கரும்புச் சக்கையின் நார் பருத்தி நாரைவிடக் குட்டையானது. சக்கை மட்டும் இருந்தால் கத்திக்கு நன்றாக வெட்டுப்படும், ஆனால் மடித்தால் உடையும், மெல்லிய கழுத்து எளிதில் கிழியும். பழைய பருத்தித் துணியின் கூழைச் சேர்த்தால் நீள நார் வந்து பிடித்துக்கொள்ளும், மடிப்பு தாங்கும். ஆனால் அதே நீள நார்தான் கத்தியின் முனையில் சிக்கி ஓரத்தைப் பஞ்சுபோலக் கிளப்பிவிடுகிறது. உங்களிடம் இருக்கும் தாளில் பாதிக்கும் மேல் பருத்தி. அது மடிப்புக்கு நல்லது. எழுத்து வெட்டுவதற்கு முன் தாளைக் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும்.

நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சியை வடிகட்டி, அகலத் தூரிகையால் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தடவுங்கள். நிழலில் காயட்டும். பாதி காய்ந்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் சுருண்டுபோகும். நன்றாகக் காய்ந்த பிறகு கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்தித் தேயுங்கள். நார்கள் படிந்து, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். கஞ்சி தடவாத கைத்தாளில் ஐந்து மில்லிமீட்டர் வளைவு வெட்டுவது கடினம்.

ஆலைத் தாளில் நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படுத்திருக்கும். அதனால் ஒரு திசையில் மடிப்பு எளிதாக விழும், மறு திசையில் முரண்டு பிடிக்கும். சல்லடையில் அள்ளி, நாலாபுறமும் அசைத்து எடுக்கும் கைத்தாளில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும். எந்தப் பக்கம் மடித்தாலும் ஒன்றுதான். எழுத்து எந்தத் திசையில் வளைந்தாலும் கழுத்தின் பலம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உங்கள் வேலைக்கு இதைவிட ஏற்ற தாள் கிடையாது.

தாள் செய்யும் முறையைத் தனிமடலில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சக்கையைச் சிறிதாக நறுக்கி, சலவைச் சோடா கலந்த தண்ணீரில் நார் விரலுக்குப் பிரியும்வரை வேகவைக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சோடா முழுவதும் போகும்வரை அலச வேண்டும். பக்கத்து ஸ்டேங்கரில், இன்றைய குவாடுகூசாவில், கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் பெரிய ஆலையே இருந்திருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் 1911 வரை வந்தவர்களும் பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்காகவே கொண்டுவரப்பட்டார்கள். என் ஆயாவின் ஆயாவும் அப்படி வந்தவர்தான். அந்தக் கரும்பின் சக்கையில் தமிழ் எழுத்தை வெட்டி விளக்கேற்றுகிறீர்கள் என்று கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. இன்னும் தாள் வேண்டுமானால் கேளுங்கள், பிள்ளைகளுக்கு என்றால் பணம் வேண்டாம்.

கோலக்காரி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

எனக்கு இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரக்கிறது. அக்கா, எழுத்தை நிற்கவைக்கும் முறையை ஏன் கைவிட வேண்டும்? எழுத்துக்குப் பின்னால் ஒரு கோல வலை போடுங்கள். கோலத்தின் கோடுகள் தாளாகவே நிற்கட்டும், கோடுகளுக்கு நடுவே இருப்பதை வெட்டி எடுங்கள். எழுத்து, புள்ளி, எல்லாம் அந்த வலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மதுரா பக்கத்தில் சாஞ்சி என்று கண்ணன் கதைகளைத் தாளில் வெட்டுவார்கள், மெக்சிகோவில் விழாக்களுக்குத் தோரணத் தாள் வெட்டுவார்கள். இரண்டிலும் பின்னணி வலைதான் உருவங்களைத் தாங்குகிறது. நமக்குச் சிக்குக் கோலம் இருக்கும்போது வேறு வலை எதற்கு?

கத்திமுனை:

யோசனை நன்றாக இருக்கிறது, கோலக்காரி. ஆனால் சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றித்தான் போகும், தொடாது. அதை அப்படியே வெட்டினால் கோலப் புள்ளிகள் அத்தனையும் விழும். எழுத்துப் புள்ளி ஒன்றைக் காப்பாற்றப் போய் நாற்பது புள்ளிகளை இழப்போம்.

கோலக்காரி:

உண்மைதான்! அப்படியானால் கோட்டுக் கோலம். புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைக்கும் வகை. அல்லது சிக்குக் கோலத்தில் கோலப் புள்ளிகளை மட்டும் வரையாமல் விட்டுவிடலாம். கோடு மட்டும் இருந்தாலே பார்ப்பவர்களுக்குக் கோலம் என்று தெரியும். கோடு கோட்டைக் கடக்கும் இடங்களில்தான் வலைக்குப் பலம். எழுத்தின் ஓரம் குறைந்தது மூன்று இடங்களிலாவது கோலக் கோட்டைத் தொடும்படி வரைந்தால் அசையாது. நேற்று மாலை ‘ம்’ மட்டும் இப்படி வரைந்து பார்த்தேன், புள்ளி இரண்டு கோடுகள் கடக்கும் இடத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளால் இதை வெட்ட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெரிய விளக்கை நீங்களே வெட்டி வகுப்பின் நடுவில் தொங்கவிடலாம்.

எழுத்தாணி (பீனிக்ஸ்):

என் கருத்து வேறு. புள்ளிக்காக இத்தனை போராட்டம் தேவையா? ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. நூற்றாண்டுகளாக நம் முன்னோர் புள்ளியில்லாமல் எழுதினார்கள், புள்ளியில்லாமல் படித்தார்கள். எழுதும் பொருள் எதுவோ அதற்கு ஏற்ப எழுத்து மாறுவது நம் மரபுதான். ஓலைக்கு ஒரு வழக்கம் இருந்ததுபோல் தாள் வெட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கட்டும். புள்ளியை விட்டுவிடுங்கள். ‘வணககம’ என்று வெட்டினாலும் எல்லோரும் வணக்கம் என்றுதான் படிப்பார்கள்.

பழைய வாத்தியார் (சாட்ஸ்வொர்த்):

எழுத்தாணித் தம்பி, சுவடிகளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

சுவடியைப் படித்தவர்கள் யார்? தமிழையே பேசி, தமிழிலேயே கனவு கண்டவர்கள். பாட்டை முதலில் காதால் கேட்டு மனத்தில் ஏற்றியவர்கள். ‘வணககம’ என்று கண்ணில் பட்டால் நாக்கு தானாகவே சரியாகச் சொல்லிவிடும். இலக்கண நூலார் புள்ளியை மறந்துவிடவும் இல்லை. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. எழுதும் ஓலையில் விட்டாலும் எழுத்தின் இயல்பு அதுவே என்று வைத்திருந்தார்கள்.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? வீட்டில் ஆங்கிலம். பள்ளியில் ஆங்கிலமும் ஜூலுவும் ஆப்ரிக்கான்ஸும். தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுவது வாரத்துக்கு ஒரு வகுப்பில், கோயில் சுவரில், விழாத் தோரணத்தில். 1996 தென்னாப்பிரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளுள் தமிழின் பெயரும் இருக்கிறது. சட்டம் பெயரைச் சொல்லலாம். எழுத்தைக் கண்முன் கொண்டுவருவது நாம்தான். இந்தப் பிள்ளைகளுக்கு வாசலில் தொங்கும் விளக்கும் ஒரு பாடப் பக்கம். அதில் ‘க’ எது, ‘க்’ எது என்று தெரியாமல் போனால், வகுப்பில் நான் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை விளக்கு ஒரே மாலையில் குழப்பிவிடும். தமிழ் தெரிந்தவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். தெரியாதவர்களுக்காகத்தானே இந்த வேலையையே எடுத்திருக்கிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்தை நிற்கவைக்கும் முறையில் சிலர் புள்ளியை எழுத்தின் தலையோடு ஒரு சிறு காம்பால் இணைக்கிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம், அம்மா. ‘க’வின் தலையில் காம்பும் காம்பின் முனையில் உருண்டையும் வந்தால் கற்கும் பிள்ளை அதைக் ‘கீ’ என்றுதான் படிக்கும். ‘ம’வில் செய்தால் ‘மீ’. ‘வணக்கம்’ என்பது ‘வணகீகமீ’ ஆகிவிடும். என் வகுப்பில் ஒரு சிறுமி ஒரு தோரணத்தை அப்படித்தான் உரக்கப் படித்தாள். அவள் படித்தது சரி, வெட்டியவர் வெட்டியதுதான் தவறு. புள்ளிக்குப் பிடிப்பு வேண்டுமானால் மேலிருந்து கொடுங்கள். விளக்கின் மேல் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய காம்பு இறங்கி வந்து புள்ளியைப் பிடித்துக்கொள்ளட்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே வெறும் இடம் இருக்க வேண்டும். அந்த வெறும் இடம்தான் புள்ளியைப் புள்ளியாகக் காட்டுகிறது.

கத்திமுனை அவர்களின் திறந்த சுழி எனக்கு முழுச் சம்மதம். ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் எண்ணிப் பார்த்தால் தெரிய வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. சுழி திறந்திருக்கலாம், சுழியே காணாமல் போகக் கூடாது.

எழுத்தாணி:

ஐயா, கற்பவர்களின் கண்ணால் நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்ன பிறகு ‘கீ’ என்பதைத் தவிர வேறொன்றாகவும் எனக்குத் தெரியவில்லை. என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். பெரியவர்கள் மட்டும் பார்க்கும் கலைப்படைப்பில் புள்ளியில்லாமல் எழுத ஒருவருக்கு உரிமை உண்டு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடதாசிப்பூ:

எவ்வளவு செய்திகள்! ஒவ்வொருவருக்கும் நன்றி. ஐயா சொன்னதைப் படித்த பிறகு முடிவு செய்துவிட்டேன்: துளை முறை, திறந்த சுழி, புள்ளி கட்டாயம். கரும்புச்சக்கைத் தம்பி சொன்னபடி கஞ்சி தடவிய தாள் இப்போது பலகைகளுக்கு நடுவே இருக்கிறது.

இப்போது வேறொரு கேள்வி. தாளை உருளையாகச் சுற்றினால் ஒரே நேரத்தில் இரண்டு எழுத்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. சொல் முழுவதும் தெரிவதில்லை. என்ன செய்யலாம்?

கத்திமுனை:

உருளையை விடுங்கள். வளைந்த தாளில் திறந்த சுழியின் நாக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், அழகாக இருக்காது. பட்டையான பக்கங்கள் வைத்த விளக்கே நல்லது. வ, ண, க், க, ம் என்று எழுத்து ஐந்து. ஐந்து பக்கம் வைத்து, பக்கத்துக்கு ஒரு எழுத்து. பிள்ளைகள் சுற்றிவந்து எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும்.

கோலக்காரி:

ஐந்து பக்கம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? ‘கம்வணக்’ என்றுகூடப் படிக்கலாமே. ஆறு பக்கமாக வையுங்கள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி! எழுதத் தொடங்கும்போது ‘உ’ போடுவது நம் வழக்கம்தானே? சொல் எங்கே தொடங்குகிறது என்பதை அதுவே காட்டிவிடும்.

பழைய வாத்தியார்:

மிக நன்று. வகுப்பில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தில் ஒரு பூவோ விண்மீனோ வெட்டட்டும். மற்றப் பிள்ளைகளுக்குப் பிள்ளையார் சுழியே முதல் பயிற்சியாகவும் ஆகும். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு நேர்க்கோடு. கத்தி பழக அதைவிட நல்ல எழுத்து இல்லை.

ரோஸ்ஹில் அண்ணி:

ஆறு பக்க விளக்கு எனக்கும் பிடித்துவிட்டது, நானும் ஒன்று செய்யப்போகிறேன். எழுத்தைக் கையால் வரையப் பயப்படுகிறவர்களுக்குக் கணினி வழியைச் சொல்கிறேன்.

வெட்டு இயந்திரத்தோடு வரும் மென்பொருள்களில் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கத் தெரியாது. ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி தனி வட்டத்தின் மேல் ஏறிக்கொள்ளும். யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளோடு சண்டை போடாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள், அதில் தமிழ் சரியாக வரும். பிறகு எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் பகுதிகளை ஒன்றாக இணைத்து, எஸ்விஜி கோப்பாகச் சேமித்தால் எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்ளும். எழுத்துருவுக்குப் பலூ தம்பி நல்லது. தடித்த, உருண்டையான எழுத்து, இலவசமாகவே கிடைக்கிறது. சுழிகளைத் திறப்பதை மட்டும் நீங்கள்தான் கோட்டுருவத்தில் செய்ய வேண்டும்.

அச்சடித்துக் கையால் வெட்டுங்கள். கைத்தாளை இயந்திரத்தில் கொடுக்க வேண்டாம். தாளின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறுவதால் பிளேடு ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் போகிறது. உதிரும் நார் ஒட்டுப்பாயின் பசையைக் கெடுத்துவிடுகிறது.

கத்திமுனை:

அண்ணி சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த எழுத்தைத் தாளின் மேலே வைத்து, மெல்லப் பிரியும் டேப்பால் நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டையும் சேர்த்து முன்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். பென்சில் கோடு தாளில் விழாது. கண்ணாடி பார்ப்பதுபோல் எழுத்தைத் திருப்பிப் போடவும் தேவையில்லை. கத்தி நுழையும் பக்கத்தில் ஓரம் சுத்தமாக இருக்கும், கிளம்பும் நார் எல்லாம் பின்பக்கம் போய்விடும்.

கைவினைக் கத்தியில் பதினொன்றாம் எண் பிளேடு போதும். முனை மழுங்கியதுபோல் தோன்றினாலே மாற்றிவிடுங்கள்; கைத்தாளில் மழுங்கிய கத்தி வெட்டாது, பிய்க்கும். ஒரே அழுத்தில் ஆழமாகப் போகாமல், அதே கோட்டில் மெதுவாக இரண்டு மூன்று முறை போங்கள். வளைவில் கத்தியைத் திருப்பாதீர்கள், தாளைத் திருப்புங்கள். ஒவ்வொரு எழுத்திலும் உள்சுழியை முதலில் வெட்டி, வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டுங்கள். வெளியே இருக்கும் தாள் அதுவரை பிடித்துக்கொள்ளும்.

பிள்ளைகள் கையில் அந்தக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். புள்ளியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். தோலில் துளை போடும் ‘பஞ்ச்’ கருவியும் சிறு சுத்தியும் இருந்தால் ஒரே அடியில் வட்டம் சுத்தமாக விழும். அந்தக் கருவியின் அளவு எழுத்துக்கோட்டின் தடிப்புக்குச் சமமாக இருக்கட்டும். எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டராவது தாள் வேண்டும், இல்லையென்றால் அடிக்கும்போது கிழியும்.

பழைய வாத்தியார்:

புள்ளி வைக்கும் வேலை பிள்ளைகளுக்கு! இதைவிட நல்ல இலக்கணப் பாடத்தை நான் நடத்தியதில்லை. ‘க’ பக்கமும் ‘க்’ பக்கமும் அடுத்தடுத்து இருக்கின்றன; எதில் அடிக்க வேண்டும், எதில் கூடாது என்று பிள்ளையே சொல்லிவிட்டு அடிக்கட்டும்.

மணிமாலை (டர்பன்):

இடையில் ஒரு கேள்வி. என் மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ‘அன்னை’ என்று அட்டை வெட்ட வேண்டும். எழுத்தை நிற்கவைக்கும் முறையில். ‘னை’யின் முன்னால் நிற்கும் ஐகாரக் குறி தனியாகப் போகிறது. அதற்கும் மேலிருந்து காம்பா?

பழைய வாத்தியார்:

அவர் பழைய புத்தகங்களில் படித்தவர் அல்லவா? பழைய ‘னை’யை வெட்டுங்கள், அம்மா. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தும் முன்பு ணை, னை, லை, ளை நான்கிலும் ஐகாரக் குறி எழுத்தோடு ஒட்டியே எழுதப்பட்டது. ஒரே துண்டாக நிற்கும். அவர் வீட்டில் இருக்கும் பழைய பஞ்சாங்கத்திலோ பாட்டுப் புத்தகத்திலோ அந்த வடிவம் இருக்கும், பார்த்து வரையுங்கள். அவருக்கும் தம் கண்ணுக்குப் பழகிய எழுத்தைப் பார்த்த மகிழ்ச்சி கிடைக்கும். பிள்ளைகளுக்கான வேலையில் மட்டும் புதிய வடிவமே இருக்கட்டும். ‘ன்’ புள்ளிக்கு மேலிருந்து காம்பு, ஆம்.

கடதாசிப்பூ:

முதல் விளக்கு முடிந்தது. செய்ய விரும்புகிறவர்களுக்காக அளவுகளை எழுதுகிறேன்.

ஏ3 தாளின் நீளம் 420 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 67 என்று ஆறு பக்கம் 402, மீதி 18 ஒட்டுவதற்கு. எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்றால் ‘ண’வின் அகலம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இரண்டு ஓரமும் ஆறு மில்லிமீட்டர் விட்டால் ‘ண’வுக்குக் கிடைப்பது 55. அதை அதில் அடக்கியபோது உயரம் 34 வந்தது. மற்ற நான்கு எழுத்தையும் அதே உயரத்துக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தின் உயரம் முழுவதையும் எழுத்து நிரப்பவில்லை, அதனால் எழுத்துக்குக் கீழே கோலக்காரி சொன்ன கோட்டுக் கோலத்தை ஒரு பட்டையாகச் சிறு துளைகளால் போட்டேன். அதுவும் பிள்ளைகள் ‘பஞ்ச்’ கருவியால் அடித்ததுதான்.

மடிப்புக் கோடுகளை வெட்டுவதற்கு முன்பே எலும்புக் கத்தியால் (மடிப்பு அழுத்தும் மழுங்கிய கருவி) அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து வெட்டிய பிறகு அழுத்தினால் கழுத்துகள் நசுங்குகின்றன. ‘ண’வில் நடுச்சுழியின் கழுத்தை மூன்று மில்லிமீட்டராக்கினேன், இரண்டரை போதவில்லை. உள்ளே மெழுகுவர்த்தி வைக்கவில்லை, பேட்டரியில் எரியும் சிறு விளக்குதான். மஞ்சள் ஒளி கொடுக்கும் வகையை வாங்குங்கள். வெள்ளை ஒளியில் கரும்புத் தாளின் நிறம் வெளிறிவிடுகிறது. இரவில் சுவரில் விழும் நிழலில்கூட ‘ண’வின் மூன்று சுழியையும் எண்ண முடிகிறது, ஐயா.

தீபாவளி முடிந்ததும் இவற்றை நவம்பர் 16 நினைவுநாளுக்கும் தொங்கவிடலாம் என்று வகுப்புப் பெற்றோர்கள் சொல்கிறார்கள். கரும்புச்சக்கைத் தம்பி, இன்னும் தாள் வேண்டும்.

கரும்புச்சக்கை:

சனிக்கிழமை வகுப்புக்கே கொண்டுவந்து தருகிறேன், அக்கா. இம்முறை சக்கையைக் கொஞ்சம் கூட்டி, கஞ்சியும் தடவியே எடுத்துவருகிறேன். மடிப்புக்கு ஏற்றதாக இருக்கிறதா என்று நீங்கள் ஒரு துண்டில் பார்த்துச் சொன்ன பிறகு மீதியைச் செய்கிறேன்.

ரோஸ்ஹில் அண்ணி:

ஒட்டும் 18 மில்லிமீட்டர் பட்டை எந்தப் பக்கம் வரவேண்டும்? ‘ம்’ பக்கமா, பிள்ளையார் சுழிப் பக்கமா?

கடதாசிப்பூ:

‘ம்’ பக்கத்து ஓரத்தில், அண்ணி. அது பிள்ளையார் சுழிப் பக்கத்தின் பின்னால் போய் ஒட்டும். முதல் பக்கத்தின் சுழி அந்த ஓரத்துக்கு மிக அருகில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டை துளையை மறைத்தால் ஒளி வராது. நான் ‘உ’வை ஏழு மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி வரைந்து, பட்டையையும் 12 மில்லிமீட்டருக்குக் குறுக்கிவிட்டேன்.